காணா உயிரும் கருதல் அளவையும்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்று தன் உடலுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை ஒருவர் எவ்வாறு அறிகிறார், அவ்வறிவை எந்த அளவுக்கு நம்பி நடக்கலாம் என்னும் வினா, இந்திய மெய்யியல் மரபில் அளவை எனப்படும் துறைக்கு உரியது. அளவை என்பது பெற்ற அறிவு மெய்யானதுதான் என்று நிறுவும் வழி. வடநூலார் அதனைப் பிரமாணம் என்பர். சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ள பெண்கள், புரோபயாடிக் எனப்படும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை உட்கொண்டால் அவர்களது இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வருமா என்பது பொதுவாக மருத்துவ வினாவாகவே கேட்கப்படுகிறது. ஆயினும் அதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளை எடுத்து நோக்கினால், சோதனைக்கூடம் தரும் எண்களைப் பற்றிய கருத்து வேறுபாடு சிறிதே என்பதும், அவ்வெண்களிலிருந்து எதனை முடிவாகக் கொள்ளலாம் என்பதில்தான் பெரும்பிணக்கு இருக்கிறது என்பதும் தெரியவரும். ஆகவே மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவியான அறவண அடிகள், ஒன்றை நிறுவும் காரணமாகிய மெய்யான ஏதுவையும் ஏதுபோலத் தோன்றி ஏமாற்றும் போலியையும் பிரித்துக் காட்டும் இடத்திலிருந்து இவ்வினாவை அணுகுவது பொருத்தமற்றதாகாது.

முதலில் வினாவுக்கு உரிய பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது தேவை. பி.சி.ஓ.எஸ். என்று பரவலாக வழங்கும் இந்நிலையைச் சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டெயினும் லெவன்தாலும் 1935இல் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்தனர். சினைப்பையில் தென்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல; முதிர்ந்து முட்டையை வெளியிட வேண்டிய நுண்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுபோய் அங்கே குவிந்து கிடக்கின்றன. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள், மாதவிலக்கு ஒழுங்கின்றி வருதல், ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை இயக்குநீர்கள் மிகுந்திருத்தல், ஸ்கேனில் சினைப்பை நுண்பைகள் மிகுந்து தெரிதல் ஆகிய மூன்று அடையாளங்களுள் இரண்டு இருந்தால் போதும் என்று வரையறுத்தனர். கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாக உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் கூறியது. அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இது இருப்பதை அறியாமலே வாழ்கின்றனர் என்பதும் அவ்வமைப்பின் கணிப்பே.

சினைப்பையின் கோளாறுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் உண்டு. அத்தொடர்பைப் பிரான்சு நாட்டு மருத்துவர்களான அஷாரும் தியரும் 1921ஆம் ஆண்டிலேயே, முகத்தில் மயிர் வளர்ந்த பெண்களிடம் காணப்பட்ட நீரிழிவைப் பற்றி எழுதியபோது ஒருவாறு சுட்டியிருந்தனர். 1980இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் ஏறுவதும் ஆண்ட்ரோஜன் ஏறுவதும் ஒன்றோடொன்று சேர்ந்தே நிகழ்வதை அளந்து காட்டினர். தசையும் கல்லீரலும் இன்சுலினின் ஆணைக்கு மந்தமாகவே பணிவதை இன்சுலின் எதிர்ப்பு என்பர். அந்நிலையில் கணையம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை ஒருவாறு சமாளிக்கிறது. தசை அந்த இன்சுலினைப் பொருட்படுத்தாதபோதும் சினைப்பை பொருட்படுத்துகிறது என்பதே இங்குள்ள இடர். மிகுந்த இன்சுலின் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுவதோடு, ஆண்ட்ரோஜனைப் பற்றிப்பிடித்து அடக்கிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. இவ்வாறு சர்க்கரைக் கோளாறும் சினைப்பைக் கோளாறும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இங்கே ஒரு சோதனைச் சீட்டை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். இருபத்தைந்து வயதுடைய ஒரு பெண்ணின் சீட்டில், வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 92 மில்லிகிராம் என்றும் இன்சுலின் 18 மைக்ரோ யூனிட் என்றும் இருப்பதாகக் கொள்ளலாம். சர்க்கரைக்கு எதிரே "இயல்பு" என்று அச்சாகியிருக்கும். குடும்பத்தார் அதைப் பார்த்து ஆறுதல் அடைவர். ஆனால் அவ்விரண்டு எண்களையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.09 வருகிறது. 1985இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வகுத்த இக்கணக்கை ஹோமா என்பர். எண் உயர உயர இன்சுலின் எதிர்ப்பு மிகுதி என்று பொருள். அதாவது 92 என்னும் இயல்பான சர்க்கரை, கணையம் இயல்புக்கு மீறி உழைத்துப் பெற்ற 92. இந்த எதிர்ப்பை எவரும் கண்ணால் கண்டதில்லை, எந்தக் கருவியும் இச்சீட்டுக்காக நேரே அளந்ததும் இல்லை. இரண்டு அளவுகளிலிருந்து கருதிப் பெற்றதே அது. புரோபயாடிக் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த எண்ணின் ஏற்றவிறக்கத்தைக் கொண்டே பேசுகின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புரோபயாடிக் என்னும் கருத்து, பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றி 1908இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ரஷ்ய அறிஞர் எலி மெச்னிகாவின் நூல்களால் பரவியது. அவருக்குப் பரிசைப் பெற்றுத் தந்தது நோயெதிர்ப்பு பற்றிய ஆய்வு. புளித்த பால் அருந்தும் பல்கேரிய உழவர்கள் நெடுநாள் வாழ்வதற்கு அப்பாலிலுள்ள நுண்ணுயிரியே காரணம் என்று அவர் கொண்டது, பரிசு பெற்ற அறிஞரின் வாக்காயிருந்தும், இன்றுவரை கருதலாகவே நிற்கிறது. 2001இல் ஐ.நா.வின் உணவு, நலவாழ்வு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து, போதிய அளவில் உட்கொள்ளும்போது உட்கொள்பவருக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று வரையறுத்தன. இவ்வரையறையில் உயிருடன் இருத்தல், போதிய அளவு, மெய்ப்பிக்கப்பட்ட நலம் ஆகிய மூன்றும் கட்டாயமானவை. வீட்டுத் தயிரும் பழைய சோற்று நீராகாரமும் நல்ல உணவுகள்தாம். ஆயினும் அவற்றில் எந்த வகை நுண்ணுயிரி எத்தனை கோடி இருக்கிறது என்பது நாளுக்கு நாள், வீட்டுக்கு வீடு மாறுவதால் இவ்வரையறைக்குள் அவை எளிதில் அடங்குவதில்லை. இட்லி மாவைப் புளிக்கவைத்த நுண்ணுயிரிகளோ ஆவியில் வெந்து மடிந்துபோகின்றன.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அங்கு வைதிக அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கி, கருதல் என்னும் அனுமானத்தை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறான். ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது, விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் கருதல். சூல்கொண்ட மேகத்தைக் கண்டு மழை பெய்யும் என்று சொல்வது, காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்லும் கருதல். காட்டில் யானையின் பிளிறலைக் கேட்டு அங்கே யானை உண்டென்று உணர்வது மூன்றாவது. குடல் நுண்ணுயிரிகளையும் சினைப்பையையும் இணைத்துப் பேசும் இன்றைய ஆய்வுகள் முதலிரண்டு கருதல்களின் மேல்தான் நிற்கின்றன.

வெள்ளத்திலிருந்து மழைக்குச் செல்லும் கருதலை முதலில் காணலாம். 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டிரெமலனும் பியர்சும், குடலின் நுண்ணுயிர்த் தொகுதி சீர்குலைவதே பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு மூலமாகலாம் என்னும் கருதுகோளை முன்வைத்தனர். சீர்குலைந்த குடலின் சுவர் கசிவுடையதாகிறது. பாக்டீரியாவின் புறவுறையிலுள்ள நச்சுக்கொழுப்பு இரத்தத்தில் கலக்கிறது. உடல் அதனை எதிர்த்து மெல்லிய அழற்சியில் நிலைத்திருக்கிறது. அவ்வழற்சி இன்சுலினின் ஆணை உயிரணுக்குள் செல்லும் வழியைக் குலைக்கிறது என்பது அவர்கள் காட்டிய சங்கிலி. பின்னர் வந்த பல ஆய்வுகள், இப்பெண்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் மாறுபட்டிருப்பதைக் கண்டன. ஆனால் அதே வகையான மாறுபாடு உடற்பருமன் உள்ளவர்களிடமும், சினைப்பைக் கோளாறு ஏதுமற்ற நீரிழிவுக்காரர்களிடமும் காணப்படுகிறது. நிறுவ வேண்டிய பொருளாகிய சாத்தியம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை அறவண அடிகள் அநைகாந்திகம் என்னும் போலியில் அடக்குவார். போதாக்குறைக்கு, எலிகளுக்கு மருந்து கொடுத்து ஆண்ட்ரோஜனை உயர்த்தினாலும் குடல் நுண்ணுயிரிகள் மாறுகின்றன என்பதை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். அப்படியானால் வெள்ளம் எது, மழை எது என்பதே தலைகீழாகவும் இருக்கக்கூடும்.

இந்த ஐயத்துக்கு ஓரளவு விடைகூறியது 2019இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் குடலில் பாக்டீராய்டிஸ் வல்காட்டஸ் என்னும் பாக்டீரியா மிகுந்திருப்பதையும், சில பித்த அமிலங்கள் குறைந்திருப்பதையும் கண்ட அவர்கள், அப்பெண்களின் மலத்திலிருந்த நுண்ணுயிரிகளை எலிகளின் குடலுக்கு மாற்றினர். எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பும் சினைப்பைக் கோளாறும் தோன்றின. குறைந்திருந்த பித்த அமிலத்தைக் கொடுத்தபோது அவை தணிந்தன. உடன் காணப்படுதல் என்னும் நிலையைக் கடந்து, ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறுகிறது என்பதைக் காட்டியதால் இவ்வாய்வு மற்றவற்றைவிட வலுவானது. எலியின் குடலில் நிகழ்ந்தது பெண்ணின் குடலிலும் நிகழும் என்பதற்கு இனி வேறொரு கருதல் தேவை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, மேகத்திலிருந்து மழைக்குச் செல்லும் கருதல். நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும் குடல் பாக்டீரியாக்கள் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடற்சுவரின் சில உயிரணுக்களைத் தூண்டி ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரைச் சுரக்கவைக்கின்றன. அது உணவுக்குப் பின் இன்சுலின் வேளையறிந்து சுரக்க உதவுகிறது. ஆகவே நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் சர்க்கரை சீராகும் என்று காரணத்தைக் கண்டு காரியத்தை எதிர்நோக்குகின்றனர். சூல்கொண்ட மேகங்கள் பெய்யாமலே கலைந்துபோவதும் உண்டு என்பதால், இவ்வகைக் கருதல் வெள்ளத்தைக் கண்டு செய்யும் கருதலினும் வலுவற்றதென்று கொள்வது தவறாகாது. மருந்துக்கடையில் விற்கும் பொருள்களின் விளம்பரங்களோ பெரும்பாலும் இந்த மேகத்தைக் காட்டியே மழைக்கு விலை பேசுகின்றன.

மழை பெய்ததா என்று பார்ப்பதற்காகவே மருத்துவத்தில் குலுக்கல் ஆய்வு வகுக்கப்பட்டுள்ளது. பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குப் புரோபயாடிக்கையும் மற்றொன்றுக்கு அதே தோற்றமுள்ள, மருந்துப்பொருள் ஏதுமற்ற வெற்று மாத்திரையையும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை இரு தரப்பாரும் அறியாமல் வைத்துக்கொண்டு அளப்பது அம்முறை. இத்தகைய ஆய்வுகள் பல ஈரானிலும் சில பிற நாடுகளிலும் நடந்துள்ளன. பெரும்பாலானவற்றில் கலந்துகொண்டோர் நூற்றுக்கும் குறைவானவர்களே. காலம் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள். அவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் காட்டுவதெல்லாம் வெறும் வயிற்று இன்சுலினும் ஹோமா எண்ணும் ஓரளவு குறைகின்றன, வெறும் வயிற்றுச் சர்க்கரை சிறிதே குறைகிறது அல்லது குறைவதாகத் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை என்பதே. ஆய்வுக்கு ஆய்வு பாக்டீரியா வகை வேறு, அளவு வேறு. ஒன்றில் வைட்டமின் டி சேர்த்துக் கொடுக்கின்றனர், மற்றொன்றில் செலினியம் சேர்த்துக் கொடுக்கின்றனர். இப்படிக் கலந்து கொடுத்தபின் கிடைத்த பயனைப் புரோபயாடிக் பெயரில் எழுதிக்கொள்வது சற்றுத் துணிச்சலான செயல்தான்.

இங்கே நியாய நூலார் உபாதி என்று வழங்கிய கருத்து பெரிதும் உதவுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது பிழையற்ற தொடர்பு. ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று திருப்பிச் சொல்ல முடியாது. ஈர விறகு இருந்தால்தான் நெருப்பிலிருந்து புகை எழும். தொடர்புக்கு மறைந்திருந்து துணைசெய்யும் அந்த ஈர விறகே உபாதி. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் உதயணர் முதலியோர் இதனை நுணுகி ஆராய்ந்தனர். புரோபயாடிக் உட்கொண்டவர்களுக்கு இன்சுலின் குறைந்தது என்றால், அத்தொடர்புக்கு ஈர விறகாக நின்றது எது என்று கேட்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவுடன் எல்லாரும் உணவில் கவனம் கொண்டதா, தொடக்கத்திலேயே இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்தவர்களிடம் மட்டும் குறைந்து அது சராசரியை இழுத்துவிட்டதா, உடல் எடை சிறிது இறங்கியதன் பின்விளைவா என்னும் வினாக்களுக்கு ஐம்பது அறுபது பேரைக் கொண்ட ஆய்வால் விடை தர இயலாது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. கருதலில் எந்தப் பொருளைப் பற்றி முடிவு கூறப்படுகிறதோ அதனைப் பக்கம் என்பர். மலையில் நெருப்பு உண்டு என்னும்போது மலை பக்கம். பக்கமே தெளிவற்றதாயின் ஏது எவ்வளவு வலுவானதாயினும் முடிவு நிலைகொள்ளாது. மூன்று அடையாளங்களுள் இரண்டு போதும் என்னும் ராட்டர்டாம் வரையறை, நான்கு வேறுபட்ட வகையினரை ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. ஆண்ட்ரோஜன் மிகாமல் மாதவிலக்கு ஒழுங்கின்மையும் ஸ்கேன் அடையாளமும் மட்டும் உடையவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு பொதுவாகக் குறைவு. மூன்று அடையாளங்களும் உடையவர்களிடம் மிகுதி. இவ்விருவரையும் ஒரே குழுவில் சேர்த்துக் கணக்கிட்டு வரும் சராசரி, இருவருள் எவரையும் குறிப்பதில்லை. தெற்காசியப் பெண்களுக்கு உடல் எடை குறைவாக இருக்கும்போதே இன்சுலின் எதிர்ப்பு தோன்றிவிடுவதால், ஐரோப்பிய எடை அளவுகளைக் கொண்டு பிரித்த குழுக்களின் முடிவை அவர்களுக்கு அப்படியே பொருத்துவதும் கடினம்.

பலரைப் பற்றிய உண்மை ஒருத்தியிடம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதுதான் இங்கு மையமான மெய்யியல் வினா. 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்தபோது, ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றியதும் மற்றொருவருக்கு ஏற்றாமல் விட்டதும் தெரிந்தன. அவ்வேறுபாட்டைக் கணிப்பதற்குக் குடல் நுண்ணுயிரிகள் பற்றிய தகவலும் உதவியது. அதே நிறுவனத்தார் 2018இல் புரோபயாடிக் உட்கொண்டவர்களின் குடலுக்குள்ளிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தனர். சிலருடைய குடல் வந்த பாக்டீரியாவுக்கு இடம்கொடுத்துக் குடியமர்த்திக்கொண்டது, வேறு சிலருடைய குடல் இடம்கொடுக்காமல் வெளியேற்றிவிட்டது. மலத்தில் அப்பாக்டீரியா தென்படுவது, அது குடலில் தங்கியதற்குச் சான்றாகாது என்பதும் அப்போது வெளிப்பட்டது. பெட்டியில் அச்சிட்ட கோடிக்கணக்கு எவ்வளவு பெரியதாயினும், உட்கொள்பவர் எந்த வகையினர் என்பது அப்பெட்டிக்குத் தெரியாது.

மருத்துவனுக்கு மற்ற அளவைகள் மட்டும் போதா என்பதை உணர்ந்தே போலும், ஆயுர்வேத நூலான சரக சங்கிதை காட்சி, கருதல், நம்பத்தக்கவராகிய ஆப்தரின் வாக்கு ஆகிய மூன்றோடு யுக்தி என்னும் நான்காவதையும் சேர்த்தது. பல காரணங்கள் ஒன்றுகூடி ஒரு காரியத்தைத் தோற்றுவிப்பதை அறியும் அறிவு யுக்தி. நீர், உழவு, விதை, பருவம் ஆகியவை கூடினால் பயிர் விளையும் என்பது அந்நூல் தரும் எடுத்துக்காட்டு. பிற்காலத்தில் பௌத்தரான சாந்தரட்சிதரும் அவர் மாணவர் கமலசீலரும், யுக்தி தனியளவை ஆகாது, அது கருதலில் அடங்கும் என்று மறுத்தனர். ஏரணத்தை மட்டும் நோக்கினால் அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் நோயாளியின் முன்னே அமர்ந்திருப்பவனுக்கு, ஒற்றை ஏதுவிலிருந்து ஒற்றை முடிவுக்குச் செல்லும் கருதலைக் காட்டிலும், தூக்கம், உழைப்பு, உணவு, பரம்பரை, மருந்து, குடல் ஆகிய பலவும் இவளிடத்தில் எவ்வாறு கூடியிருக்கின்றன என்று பார்க்கும் அறிவே பயன்படும். ஒவ்வொருவரையும் தனித்தனியே நோக்கி மருந்தளிக்க வேண்டும் என்று சரகர் வற்புறுத்தியதும், மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளியையும் நோயையும் காலத்தையும் சேர்த்தே கருதச் சொன்னதும் இவ்வறிவையே சுட்டுகின்றன. இந்தப் பார்வையில் புரோபயாடிக் விதையன்று. உழவும் நீரும் உள்ள நிலத்தில் ஒருவேளை சிறிது துணைசெய்யக்கூடிய ஒன்று, அவ்வளவே.

மூன்றாவது அளவையாகிய உரையைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கூறும் பல அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக்காட்டித் தொடங்குகிறது. நோயாளி பெறும் மருத்துவ அறிவில் பெரும்பகுதி உரையே. அவள் ஆய்வு செய்வதில்லை, கேட்டு நம்புகிறாள். எவர் வாக்கை நம்பலாம் என்பதற்கு நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்சியாயனர், பொருளை நேரே உணர்ந்தவராகவும் உணர்ந்தபடி உணர்த்தும் விருப்பமுடையவராகவும் இருப்பவரே ஆப்தர் என்று இலக்கணம் கூறி, முனிவர்க்கும் மிலேச்சர்க்கும் இது பொது என்றும் சேர்த்தார். பிறப்பும் பட்டமும் இங்கு கணக்கில் வருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. விற்பவரின் வாக்கில் உணர்ந்தபடி உணர்த்தும் விருப்பத்தோடு விற்கும் விருப்பமும் கலந்திருப்பதால் அதனை ஆப்த வாக்காகக் கொள்ள முடியாது. ஆய்விதழில் அச்சானது என்பதாலேயே ஒரு கட்டுரை ஆப்த வாக்காகிவிடுவதும் இல்லை; 2023இல் வெளியான பன்னாட்டு பி.சி.ஓ.எஸ். வழிகாட்டியை உருவாக்கியவர்கள், ஆய்வுகளின் தரத்தோடு அவற்றின் நேர்மையையும் தனியே சோதித்த பின்னரே அவற்றை எடுத்துக்கொண்டனர்.

அவ்வழிகாட்டியில் ஒரு செய்தி உண்டு. மருத்துவமனைகளில் கிடைக்கும் இன்சுலின் அளவீடுகள் அன்றாடச் சிகிச்சைக்குப் பெரிதும் பயன்படாதவை, ஆகவே அவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று அது கூறுகிறது. எந்த எண் இறங்கியது என்று புரோபயாடிக் ஆய்வுகள் பெருமைகொள்கின்றனவோ, அந்த எண்ணின் பிறப்பிடத்தையே மருத்துவர் நாள்தோறும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று ஆகிறது. ஹோமா 4.09இலிருந்து 3.2க்கு இறங்கிய ஒருத்திக்கு மாதவிலக்கு சீரானதா, முகத்து மயிர் குறைந்ததா, பத்தாண்டுகளுக்குப் பின் நீரிழிவு வராமல் இருந்ததா என்பவை வேறு வினாக்கள். பன்னிரண்டு வார ஆய்வு அவற்றுள் கடைசி வினாவை நெருங்கவும் இயலாது.

சித்தியார் காட்சியை நான்காகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தன்வேதனைக் காட்சியை வைக்கிறது. தனக்கு நிகழும் இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் நேரே உணர்வது அது. பிறர் சான்று அதற்குத் தேவையில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் மறுக்கப்படுவது இந்த அளவைதான். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்றும் "வாயைக் கட்டினால் போதும்" என்றும் சொல்லும் சுற்றத்தார், அவள் உணரும் சோர்வையும் அடங்காப் பசியையும் அவளுடைய ஒழுக்கக் குறையாக மாற்றிவிடுகின்றனர். முன்வினை என்று சொல்பவர்களும் உண்டு. வினைக்கொள்கையை ஏற்கும் சைவ சித்தாந்தம், பிறர் துன்பத்தைக் கண்டவனுக்கு அவர் வினையைக் கணக்கிடும் உரிமையைக் கொடுத்துவிடவில்லை. உண்ட உணவு சர்க்கரையாகும் வேகத்தில், அவள் தேர்ந்தெடுக்காத மரபணுக்களுக்கும் அவள் அழைக்காத நுண்ணுயிரிகளுக்கும் பங்கு உண்டு என்பது, குடல் ஆய்வுகள் தந்துள்ள மிகவும் நிலையான பயன்; மாத்திரை பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அது நிற்கும்.

ஆயினும் தன்வேதனைக்கும் எல்லை உண்டு. துன்பம் தணிந்ததை அவளைவிடத் தெளிவாக அறிபவர் இலர். ஆனால் எதனால் தணிந்தது என்பது அக்காட்சிக்குள் அடங்காது. மாத்திரை தொடங்கிய மாதத்தில் நடைப்பயிற்சியையும் தொடங்கியவள், நலத்துக்கு மாத்திரையைக் காரணமாகக் கூறினால், அவள் உணர்வு மெய், கருதல் பிழை.

இத்தனை ஐயங்களையும் கேட்டபின், கண்ணால் காணாத எதனையும் நம்புவதில்லை என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. மணிமேகலையில் வரும் பூதவாதி அப்படித்தான் ஒதுங்கினான். காட்சியன்றி வேறளவை இல்லை என்ற அவனைப் பார்த்து நகைத்த மணிமேகலை, உன் தாய் தந்தையரைக் கருதலால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்று கேட்டு வாயடைக்கிறாள். அவன் கூறிய ஓர் எடுத்துக்காட்டு இக்கட்டுரையின் பொருளுக்கு வியக்கத்தக்க வகையில் அருகில் வருகிறது. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், அதற்கு உயிர் என்று ஒன்று தனியே வேண்டாம் என்றான் அவன். வெல்லம் கள்ளாவது அதனுள் வாழும் நுண்ணுயிரிகளின் செயல் என்பதைப் பாஸ்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டினார். உயிர் வேண்டாம் என்று நிறுவுவதற்காகப் பூதவாதி கையிலெடுத்த பானைக்குள், அவன் காணாத கோடி உயிர்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆகவே காணாததை மறுப்பதும் சரியன்று. கருதியதைக் கண்டதாகக் கொள்வதும் சரியன்று. இன்று கிடைத்துள்ள ஏதுக்களை வைத்துச் சொல்லத்தக்கது இதுதான்: புரோபயாடிக் சில பெண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பைச் சிறிதளவு குறைக்கக்கூடும், நோயெதிர்ப்புக் குறைவு போன்ற இடர் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, நீரிழிவைத் தடுக்கும் என்பதற்கோ, உணவு, உடலுழைப்பு, மருத்துவர் தேவை கருதித் தரும் மெட்ஃபார்மின் என்னும் மருந்து ஆகியவற்றுக்கு மாற்றாகும் என்பதற்கோ சான்று இல்லை. அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு உட்கொள்ளலாம்; தாங்க இயலாதவர் எதையும் இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு என்னும் ஒற்றை வரியோடு மட்டும் இப்பெண்கள் நின்றுவிடலாகாது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் சர்க்கரையை அளக்கும் சோதனையே இவர்களுக்கு மிகத் துல்லியமானது என்று 2023ஆம் ஆண்டின் வழிகாட்டி கூறுகிறது. உடல் எடை எதுவாயினும் அதனைச் செய்யவும், அவரவர் இடருக்கு ஏற்ப 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரை நிலையை மீண்டும் சோதிக்கவும் பரிந்துரைக்கிறது. எந்த மாத்திரையை வாங்குவதற்கும் முன்னர் அச்சோதனையைக் கேட்டுப் பெறுவது ஒவ்வொருவருக்கும் நல்லது.